மராங் கோம்கே ஜெய்பால் சிங்

அயர்லாந்து நாட்டிலே ஜாக் லிஞ்ச் என்று ஒருவர் இருந்தார். ஹர்லிங் என்பது அந்நாட்டார் உயிரெனப் போற்றும் கோற்பந்தாட்டம். 1941 முதல் 1946 வரை ஆறு ஆண்டுகள் இடைவிடாது அகில அயர்லாந்துப் பதக்கங்களை வென்ற வீரர் அவர். ஆறில் ஐந்து ஹர்லிங்கில் வென்றவை; ஒன்று கால்பந்தில். அதே மனிதர் 1966-ல் அந்நாட்டின் பிரதமராகவும் ஆனார். ஆட்டக்களத்தில் கைதட்டிய மக்களே வாக்குச் சாவடிக்கும் வந்தார்கள் என்று அயர்லாந்தைப் பற்றி எழுதுவோர் வியந்து சொல்வதுண்டு.

நம் நாட்டிலும் அப்படி ஒருவர் வாழ்ந்தார். ஆனால் அவர் ஆடியதைக் கண்ட மக்கள் வேறு, அவர் பின்னால் திரண்ட மக்கள் வேறு. ஒலிம்பிக் பந்தயத்தில் இந்திய ஹாக்கி அணி முதன்முதலாகத் தங்கம் வென்றபோது அதன் தலைவராக இருந்தவர் யார் என்று கேட்டால், நம்மில் பலர் தயான்சந்த் என்போம். தயான்சந்த் கோல் அடித்தவர். அணித்தலைவராகச் சென்றவர் ஜெய்பால் சிங். சோட்டா நாகபுரிக் காட்டுப்புறத்து முண்டா குலத்தவர். பிற்காலத்தில் ஜார்க்கண்டு என்ற தனி மாநிலக் கோரிக்கையைத் தில்லி வரை கொண்டு சென்றவரும் அவரே.

நான் நல்லேப்பிள்ளிக்காரன். பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஊர். வீட்டில் தமிழ், அங்காடியில் இரண்டும், அரசாங்கத் தாளில் மலையாளம் என்று வளர்ந்தவர்களுக்கு, மாநில எல்லைகளை யார் வரைந்தார்கள், எதற்காக வரைந்தார்கள் என்று தேடிப் படிக்கும் ஆவல் இயல்பாகவே வந்துவிடும். 1955-ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்புக் குழுவின் கதையை அப்படித்தான் நான் படிக்கப் புகுந்தேன். எங்கள் தாலுகாவின் பெயரைத் தேடிச் சென்றவன் ஜெய்பால் சிங்கின் பெயரைக் கண்டு நின்றுவிட்டேன்.

ராஞ்சிக்குத் தெற்கே குந்தி என்னும் ஊருக்கு அருகில் தக்ரா பாகன்தோலி என்ற சிற்றூர் இருக்கிறது. பாகன் என்றால் முண்டா ஊர்களின் பூசாரி. அந்தக் குடும்பத்தில் 1903 ஜனவரி 3-ல் பிறந்தவர் என்று ஏடுகள் கூறுகின்றன. பெற்றோர் இட்ட பெயர் பிரமோத் பாகன். பள்ளியில் சேர்ந்தபோதே அது ஜெய்பால் சிங் என்றாயிற்று. சிறுவயதில் மாடு மேய்த்தவர். அவர் பிறப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான், 1900 ஜூன் 9 அன்று, அதே முண்டா நாட்டின் வீரமகன் பிர்ஸா முண்டா ராஞ்சிச் சிறையில் உயிர்நீத்திருந்தார். நிலத்தைப் பறித்த வட்டிக்காரர்களையும் ஜமீன்தார்களையும், அவர்களுக்குக் காவலாக நின்ற வெள்ளை ஆட்சியையும் எதிர்த்து வில்லெடுத்தவர் பிர்ஸா. அந்தக் கிளர்ச்சி அடங்கிய பிறகுதான் 1908-ல் சோட்டா நாகபுரிக் குத்தகைச் சட்டம் வந்து, பழங்குடி நிலத்தை வெளியார் வாங்குவதற்கு ஒரு தடை போட்டது. சிறுவன் ஜெய்பால் வளர்ந்த மண்ணின் சூடு அத்தகையது.

ராஞ்சி நகரில் ஆங்கிலத் திருச்சபையார் நடத்திய தூய பவுல் பள்ளியில் அவர் சேர்ந்தார். பையனின் அறிவையும் ஆட்டத்திறனையும் கண்ட பள்ளி முதல்வர் காஸ்கிரேவ் பாதிரியார், 1918-ல் தாய்நாடு திரும்பும்போது அவரையும் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். பதினைந்து வயதுப் பிள்ளை! கான்டர்பரியில் சமயக் கல்வி. பிறகு ஆக்ஸ்போர்டில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி. படிப்பு முடிந்ததும் குருப்பட்டம் பெற்று ஊர் திரும்பிச் சமயப்பணி செய்வார் என்பதே அனுப்பியவர்களின் எண்ணம். ஜெய்பால் கிறித்தவரானார், பாதிரியார் ஆகவில்லை.

ஆக்ஸ்போர்டில் அவர் பொருளாதாரம் படித்தார். கல்லூரி விவாதக் கழகத்துக்குத் தலைவராக இருந்தார். பத்திரிகைகளுக்கு விளையாட்டுக் கட்டுரைகள் எழுதினார். எல்லாவற்றிற்கும் மேலாக வளைகோற் பந்தாட்டம் ஆடினார். பின்னணிக் காப்பாளர் இடம் அவருடையது. முன்னே ஓடி கோல் அடிப்பவனைக் கூட்டம் தோளில் தூக்கும். பின்னே நின்று தடுப்பவனைத் தோற்ற அன்றைக்குத்தான் நினைக்கும். அந்த இடத்தில் நின்றே பல்கலைக்கழக அணியின் நீலச் சட்டையை அவர் பெற்றார். ஆக்ஸ்போர்டில் ஹாக்கிக்காக அந்தச் சிறப்பைப் பெற்ற முதல் இந்திய மாணவர் அவரே என்பர். இடையில் ஐ.சி.எஸ். தேர்விலும் தேறினார். மாடு மேய்த்த முண்டாச் சிறுவனுக்கு மாவட்டக் கலெக்டர் நாற்காலி காத்திருந்தது. அந்நாளில் ஐ.சி.எஸ். என்றால் என்ன என்பதை நம் தாத்தாக்களைக் கேட்டால் தெரியும். அதற்கு மேல் ஓர் இந்தியன் கனவு காண இடமில்லை.

அப்போது வந்தது 1928. ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஒலிம்பிக்கில் இந்தியா முதன்முறையாக ஹாக்கி ஆடப்போகிறது. மார்ச்சு 10-ஆம் நாள் பம்பாயிலிருந்து கப்பலேறிய அணியை வழியனுப்பத் துறைமுகத்துக்கு மூன்றே பேர் வந்தார்களாம். அம்மூவரும் ஹாக்கிச் சங்கத்து நிர்வாகிகள்! அணி இங்கிலாந்து வந்து சேர்ந்ததும், அங்கே படித்துக்கொண்டிருந்த ஜெய்பால் தலைவராகச் சேர்ந்துகொண்டார். ஆனால் அவர் ஐ.சி.எஸ். பயிற்சியில் இருந்தவர். ஆம்ஸ்டர்டாம் போக விடுப்புக் கேட்டார். இந்தியா அலுவலகம் கொடுக்கவில்லை. விடுப்பு இல்லாமலே போனார்.

இந்த இடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். அது தொழில்முறை ஆட்டக்காலம் அன்று. பரிசுப் பணம் கிடையாது, விளம்பரம் கிடையாது, திரும்பி வந்தால் மாலையிடப் பெருங்கூட்டம் நிற்கும் என்ற உறுதியும் கிடையாது. ஒரு பக்கம் வாழ்நாள் முழுவதற்கும் அரசாங்கச் சம்பளமும் ஓய்வூதியமும். மறுபக்கம் சில வாரத்து ஆட்டம். நம்முள் எத்தனை பேர் அந்தக் கப்பலில் ஏறியிருப்போம்? நான் ஏறியிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன். என் வீட்டில் ஏறவிட்டிருக்கவும் மாட்டார்கள்.

ஆம்ஸ்டர்டாமில் இந்தியா ஆஸ்திரியாவை 6–0, பெல்ஜியத்தை 9–0, டென்மார்க்கை 5–0, சுவிட்சர்லாந்தை 6–0 என வென்றது. மே 26-ல் நடந்த இறுதியாட்டத்தில், சொந்த மண்ணில் சொந்த மக்கள் ஆரவாரத்துக்கு நடுவே ஆடிய ஆலந்து அணியை 3–0 என வீழ்த்தியது. ஐந்து ஆட்டங்களில் 29 கோல். எதிரணியார் ஒன்றுகூடப் போடவில்லை. தயான்சந்தின் பெயரை உலகம் அறிந்தது அப்போதுதான். ரிச்சர்டு ஆலன் காத்த கோலுக்குள் ஒரு பந்துகூட நுழையவில்லை என்பதை ஏனோ நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஆனால் அந்த இறுதியாட்டத்தில் ஜெய்பால் சிங் இல்லை. முற்பகுதி ஆட்டங்களுக்குத் தலைமை ஏற்றவர், இறுதிக்கு முன்பே அணியை விட்டு விலகிவிட்டார். பின்னிகர் என்ற ஆங்கிலோ இந்திய வீரர் தலைமையில் அணி ஆடியது. அணியில் ஆங்கிலோ இந்தியர்களே மிகுதி. அவர்களுக்கும் இவருக்கும் மனக்கசப்பு என்பர் சிலர். நிர்வாகத்தாரோடு பிணக்கு என்பர் சிலர். எப்படியாயினும், வேலையைத் துறந்து விளையாட வந்தவர் வெற்றி மேடையில் நிற்கவில்லை. இங்கிலாந்து திரும்பியபோது, விடுப்பின்றிப் போனதற்காகப் பயிற்சியை மேலும் ஓராண்டு நீட்டிக்க வேண்டுமென்றார்கள். அவர் ஐ.சி.எஸ்ஸையே விட்டுவிட்டார்.

அடுத்த பத்தாண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கல்கத்தாவில் பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் உத்தியோகம். அங்கே மோகன் பகான் கழகத்துக்கு ஹாக்கி அணி அமைத்துக் கொடுத்தார். 1885-ல் காங்கிரசின் முதல் மாநாட்டுக்குத் தலைமை வகித்த உமேஷ் சந்திர பானர்ஜியின் பேத்தி தாராவை மணந்தார். காங்கிரசை இருபத்தைந்து ஆண்டுகள் எதிர்க்கப்போகிறவருக்கு அப்படியொரு சம்பந்தம்! பின்னர் ஆப்பிரிக்காவில், இன்று கானா எனப்படும் தங்கக் கடற்கரையில், அச்சிமோட்டாக் கல்லூரியில் ஆசிரியர். ராய்ப்பூரில் இளவரசர்கள் படிக்கும் ராஜகுமார் கல்லூரியில் முதல்வர். பிறகு பிக்கானீர் சமஸ்தானத்தில் உயர் பதவி. எங்கும் நிலைக்கவில்லை, எங்கும் குறைவும் இல்லை. கோட்டும் தொப்பியும் தூய ஆக்ஸ்போர்டு உச்சரிப்புமாக, வேண்டியதெல்லாம் பெற்ற கனவானாக அவர் வாழ்ந்து முடித்திருக்கலாம்.

1938-ன் இறுதியில் அவர் பீகாருக்கு வந்தார். ராஞ்சியில் ஆதிவாசி மகாசபை அப்போதுதான் உருவாகியிருந்தது. முண்டாக்கள், ஓராவோன்கள், ஹோக்கள், சந்தால்கள் எனப் பலமொழி பேசும் குடிகள், மதத்தால் பிரிந்து திருச்சபைக்கொரு சங்கமாய் இருந்த நிலை மாறி, ஒரே குடையின்கீழ்க் கூடத் தொடங்கிய காலம். 1939 ஜனவரியில் நடந்த மாநாட்டுக்குத் தலைமை ஏற்க அவரை அழைத்தார்கள். வெகுதொலைவிலிருந்து காடுமேடு கடந்து நடந்தே வந்த மக்கள், தங்களுள் பிறந்து கடல் கடந்து போன பிள்ளை திரும்பி வந்திருப்பதைக் கண்டார்கள். அன்று தொட்டு அவர் அவர்களுக்கு மராங் கோம்கே. முண்டா மொழியில் பெருந்தலைவர் என்பது பொருள்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஊரை விட்டிருந்தவர் ஒரே நாளில் மக்கள் தலைவர் ஆனதைச் சிலர் குறையாகச் சொல்வர். இரண்டாம் உலகப் போரில் வெள்ளை அரசாங்கத்துக்கு ஆதரவு தந்து, ஆதிவாசி இளைஞரைப் படையில் சேரச் சொன்னதற்காகத் தேசியவாதிகள் அவரைக் கடுமையாகத் தூற்றினார்கள். அந்தத் தூற்றலில் ஓரளவு நியாயம் உண்டு என்றே எனக்கும் படுகிறது. ஆயினும் அவர் கண்ணுக்குப் பகைவன் வெள்ளையன் மட்டும் அல்லன். வட்டிக்கடை வைத்தவனும், நிலத்தை எழுதி வாங்கியவனும், சமவெளியிலிருந்து வந்த அதிகாரியும் அவர் கணக்கில் இருந்தார்கள். வெள்ளையன் போனபின் இவர்களும் போய்விடுவார்களா என்பதே அவர் கேள்வி.

அக்கேள்வியை அவர் கேட்ட இடம் அரசியல் நிர்ணய சபை. 1946 டிசம்பர் 13-ல் நேரு கொண்டுவந்த குறிக்கோள் தீர்மானத்தின்மீது, டிசம்பர் 19-ல் ஜெய்பால் பேசினார். பட்டம் பெற்ற வழக்கறிஞர்களும் செல்வர்களும் நிறைந்த அவையில், தம்மைக் காட்டுமிராண்டி என்று பிறர் வழங்கும் பெயராலேயே அறிமுகப்படுத்திக்கொண்டு, அதைப் பெருமையாகவும் சூடிக்கொண்டார். இந்நாட்டின் பழமையான மக்கள் தாங்களே என்றும், பிறகு வந்தவர்களே தங்களைச் சமவெளியிலிருந்து காட்டுக்குத் துரத்தினார்கள் என்றும் கூறினார். ஆதிவாசிகளுக்கு யாரும் மக்களாட்சி கற்பிக்கத் தேவையில்லை. அவர்களிடமிருந்து மற்றவர்கள்தாம் கற்க வேண்டும் என்றார். அவையில் ஆடவர் கூட்டமே மிகுந்திருப்பதையும், பழங்குடிப் பெண்களுக்கு இடமில்லாததையும் சுட்டிக் காட்டினார். 1946-ல் இதைச் சொன்னவர்கள் அதிகம் இல்லை. இத்தனைக்கும் தீர்மானத்தை அவர் எதிர்க்கவில்லை. நேருவின் வாக்கை நம்புவதாகச் சொல்லியே ஆதரித்தார். அந்த நம்பிக்கைக்குப் பின்னால் இருந்த எச்சரிக்கையை எத்தனை பேர் கேட்டார்கள் என்பது வேறு விஷயம்.

சொற்களில் அவர் கொண்ட கவனம் எனக்கு மிகவும் பிடிக்கும். அரசியல் சட்டத்தின் இந்தி வடிவத்தில் ஆதிவாசி என்ற சொல்லை விட்டு, காட்டுச் சாதி என்று பொருள்படும் சொல்லைப் போட முற்பட்டபோது அவர் விடவில்லை. அது பண்படாதவர் என்ற இழிவைச் சுமந்த சொல் என்று வாதாடினார். சட்டப் புத்தகத்தில் இறுதியில் நின்றது அட்டவணைப் பழங்குடி என்ற சொல்தான். ஆயினும் தாங்கள் என்ன பெயரால் அழைக்கப்பட வேண்டும் என்பதைத் தாங்களே சொல்ல வேண்டும் என்ற அவர் வழக்கு இன்றும் முடியவில்லை.

மதுவிலக்கை அரசின் நெறிமுறைகளில் சேர்க்க முனைந்தபோதும் எழுந்து நின்றார். காந்தியடிகளின் பெயரால் வந்த கொள்கை. எதிர்த்துப் பேசுவது எளிதன்று. அரிசியில் புளிக்க வைத்த பானம் தம் மக்களின் வழிபாட்டோடு பிணைந்தது என்றும், சேற்றிலும் மழையிலும் நின்று நாற்று நடும் சந்தால் மக்களுக்கு அது இல்லாமல் நடவே நடக்காது என்றும் விளக்கினார். சித்தூர்ச் சீமையில் வளர்ந்தவனுக்கு இது புரியாமல் போகாது. தென்னையும் பனையும் வயலும் ஒன்றாய்க் கிடக்கும் எங்கள் பக்கத்தில் கள்ளிறக்கும் தொழிலை நம்பிய குடும்பங்கள் பல. குடியின் கேட்டையும் நாங்கள் அறிவோம். ஆகையால் ஜெய்பாலின் வாதத்தை நான் முழுதும் ஏற்கவில்லை. ஆனால் ஒரு மக்களின் வழக்கத்தை, அவர்களைக் கேளாமலே, வேறொருவர் தீது என்று எழுதிவிடலாகாது என்ற அளவில் அவர் பக்கமே நிற்பேன்.

1948 புத்தாண்டு நாள். கர்சாவான், சராய்கேலா என்ற இரு சிறு சமஸ்தானங்களை ஒரிசாவோடு இணைத்ததை எதிர்த்துக் கர்சாவான் சந்தைத் திடலில் ஆதிவாசிகள் பல்லாயிரவர் கூடினார்கள். ஜெய்பால் சிங் பேச வருவார் என்று காத்திருந்தார்கள். அவர் வந்து சேரவில்லை. ஒரிசாப் போலீசார் சுட்டார்கள். இறந்தவர்கள் முப்பத்தைந்து பேர் என்று ஒரு கணக்கு. பல நூறு என்று மக்கள் கணக்கு. சில மாதங்களில் அவ்விரு சமஸ்தானங்களும் பீகாருக்கு மாற்றப்பட்டன. சுதந்திரம் பிறந்து ஐந்து மாதம் நிறையாத நாட்டில் இது நடந்தது. ஜாலியன்வாலா பாக் நம் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. கர்சாவானை நான் பள்ளியில் படித்ததில்லை. ஆண்டுதோறும் சனவரி முதல்நாள் அங்கே மக்கள் கூடித் தியாகிகளுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள்.

ஆதிவாசி மகாசபையே பிறகு ஜார்க்கண்டுக் கட்சி ஆயிற்று. ஆதிவாசி அல்லாதார்க்கும் கதவைத் திறந்தது. சேவல் சின்னத்தில் நின்று, 1952 பொதுத்தேர்தலில் பீகார்ச் சட்டசபையில் 32 இடங்களைப் பிடித்து முதன்மை எதிர்க்கட்சியாக அமர்ந்தது. ஜெய்பால் பாராளுமன்றம் சென்றார். சாகும்வரை அங்கே உறுப்பினராக இருந்தார்.

இனி மாநிலச் சீரமைப்புக் குழு. பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் மூவரும் நாடு முழுதும் சுற்றி மனுக்கள் பெற்றார்கள். தென்கோடியில் திருவிதாங்கூர்த் தமிழர்கள் ஒன்பது தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டார்கள். கொச்சிச் சீமையைச் சேர்ந்திருந்த சித்தூரும் அவற்றுள் ஒன்று. வடக்கே ஜெய்பால் தம் மக்களுக்குத் தனி மாநிலம் கேட்டார். 1955 செப்டம்பரில் அறிக்கை வந்தது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும், செங்கோட்டையின் ஒரு பகுதியும் 1956 நவம்பர் 1-ல் சென்னை மாநிலத்துக்கு வந்தன. தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை, சித்தூர் கேரளத்தில் நின்றன. ஜார்க்கண்டுக்கோ ஓர் அங்குல நிலமும் இல்லை. அந்த வட்டாரத்தில் ஆதிவாசிகள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலேதான். அவர்களும் பல மொழியினர். சுரங்கமும் ஆலையும் உள்ள அப்பகுதியைப் பிரித்தால் பீகாரின் பொருளாதாரம் சாயும் என்றது குழு.

இந்தக் காரணங்களை மறுபடியும் படித்துப் பாருங்கள். தம் மண்ணிலேயே அவர்கள் சிறுபான்மை ஆனது எப்படி? அந்தச் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் வெளியார் வந்து குடியேறியதும், ஆதிவாசிகள் அசாம் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனதும் பெருங்காரணங்கள் அல்லவா? மொழி ஒன்றாயிருந்தால்தான் மாநிலம் என்றால், பல சிறு மொழி பேசி ஒரே துயரம் படுபவர்களுக்கு எந்த வழி? மொழிவழி மாநிலத்துக்காக உயிரைக் கொடுத்தவர்கள் நாம். அந்தக் கொள்கையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த அளவுகோல் எட்டாத மக்களும் இந்நாட்டில் உண்டு என்பதை ஜெய்பாலின் தோல்விதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

தொலைவில் போவானேன்? எங்கள் சித்தூர் தாலுகாவிலேயே இரவாளர் என்ற பழங்குடியினர் வாழ்கிறார்கள். தமிழை ஒட்டிய பேச்சு அவர்களுடையது. தலைமுறை தலைமுறையாகப் பிறர் வயலில் பண்ணையாட்களாய் உழைத்தவர்கள். பரம்பிக்குளம் மலையில் காடர், மலசர் இருக்கிறார்கள். எல்லைத் தமிழருக்குப் பள்ளி வேண்டும், தமிழில் விண்ணப்பம் வேண்டும், தமிழறிந்த அலுவலர் வேண்டும் என்று நாங்கள் பேசும் மேடைகளில் இவர்கள் பெயர் ஒலித்து நான் கேட்டதில்லை. சிறுபான்மை என்று நாங்கள் எங்களை எண்ணும்போது அவர்களை எந்தக் கணக்கில் வைக்கிறோம்? நேருவின் அவையில் ஜெய்பால் எழுப்பிய கேள்வியை நல்லேப்பிள்ளியில் ஓர் இரவாளர் எழுந்து எங்களை நோக்கி எழுப்பினால், நான் கேரளத்தையோ தமிழகத்தையோ கைகாட்டித் தப்பிக்க முடியாது.

குழுவின் அறிக்கைக்குப் பின் ஜார்க்கண்டுக் கட்சி தேயத் தொடங்கியது. 1957-ல் 31 இடம் கிடைத்தது. 1962-ல் 20 ஆகக் குறைந்தது. மாநிலம் கிடைக்காத கட்சிக்குக் கையில் கொடுக்க ஒன்றுமில்லை. சாலையும் கிணறும் வேண்டும் ஊர்க்காரன் ஆளுங்கட்சி வாசலுக்குத்தானே போவான்? 1963-ல் ஜெய்பால் சிங் கட்சியைக் காங்கிரசோடு இணைத்தார். பீகார் மந்திரி சபையில் அவருக்கு ஓர் இடம் கிடைத்தது, அதுவும் நீடிக்கவில்லை. அந்த ஆண்டுதான் நம் காமராசர் வகுத்த திட்டம் வந்தது. காமராசர் முதலமைச்சர் பதவியைத் துறந்தபோது துறந்த மற்ற முதலமைச்சர்களுள் பீகாரின் வினோதானந்த ஜாவும் ஒருவர். இணைப்புக்கு ஏற்பாடு செய்த முதல்வரே போய்விட்டார், புதியவர் வந்தார், ஜெய்பாலின் பேரத்தில் எஞ்சியது சொற்பம்.

ஆம்ஸ்டர்டாமில் இறுதியாட்டத்துக்கு முன் விலகியவர் அரசியலிலும் அப்படியே விலகிவிட்டார் என்று எழுதியவர்கள் உண்டு. கேட்க அழகாயிருக்கிறது, எனக்கு ஒப்பவில்லை. களத்தை விட்டு அவர் போனபோது அவரிடத்தில் நிற்கப் பின்னிகர் இருந்தார். கட்சியை இணைத்தபோது அடுத்து நிற்க எவரையும் அவர் வளர்த்திருக்கவில்லை. என் கருத்தில் அவர் செய்த பெரும்பிழை அதுதான். இருபத்துநான்கு ஆண்டுகள் எல்லாம் மராங் கோம்கே என்ற ஒரே பெயரில் நின்றன. அவர் தில்லியில் இருந்த நாட்களில் ஊர்த்தோறும் கட்சியை நடத்த இரண்டாம் வரிசை வலுவாக எழவில்லை. மக்கள் அவரைக் கண்டு பெருமிதம் கொண்டார்கள். அவரிடம் கணக்குக் கேட்கும் பழக்கம் வளரவில்லை. கட்சியை இணைத்த பிறகு, அதை ஏற்காதவர்கள் சிறுசிறு குழுக்களாய்ச் சிதறினார்கள்.

இணைப்பு தவறு என்று அவரே கடைசிக் காலத்தில் வருந்தியதாகச் சொல்வர். 1969-ல் ஐரோப்பாவுக்குக் கப்பலில் போகும்போது தம் வாழ்க்கைக் குறிப்புகளை எழுதினார். அது 2004-ல்தான் நூலாக வெளிவந்தது. 1970 மார்ச்சு 20 அன்று தில்லியில் இறந்தார். சொந்த ஊரான தக்ராவிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

அவர் கேட்ட மாநிலம் 2000 நவம்பர் 15-ல், பிர்ஸா முண்டாவின் பிறந்த நாளில், பிறந்தது. பீகாரின் தென்பகுதி மட்டுமே அதில் அடங்கியது. ஒரிசா, வங்காளம், மத்தியப் பிரதேசப் பழங்குடி மாவட்டங்களையும் சேர்த்துக் கேட்கப்பட்ட பெருநிலம் கிடைக்கவில்லை. ராஞ்சியில் அவர் பெயரால் ஒரு விளையாட்டு அரங்கம் உண்டு. அந்த மாநில அரசு அவர் பெயரில் ஓர் உதவித் திட்டம் வகுத்து, ஆதிவாசி மாணவர்களை இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்கு மேற்படிப்புக்கு அனுப்பத் தொடங்கியது. முதற்குழு 2021-ல் புறப்பட்டது. காஸ்கிரேவ் பாதிரியார் அழைத்துச் சென்ற பதினைந்து வயதுச் சிறுவன் கப்பலேறி அப்போது நூற்றுமூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.